கந்தையும் கற்பாறையும்



இன்று மாலை அறுபத்துமூவர் திருவீதியுலாவைக் கண்குளிரக் கண்டீர்கள். கூப்பிய கையினராய் நாயன்மார்கள் இறைவனை நோக்கி வரிசையாய் எழுந்தருளிய அக்காட்சி இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனை விரித்துரைப்பதே இன்றைக்கு என் கருத்தாய் இருந்தது. நேற்றிரவு இத்திருக்கோயிலின் திருச்சுற்றில் நிகழ்ந்த ஓர் உரையாடல் அக்கருத்தைச் சற்றே வேறு வழியில் திருப்பிவிட்டது.

சொற்பொழிவு முடிந்து நான் படியிறங்கும் வேளையில் ஓர் இளைஞர் அருகில் வந்தார். கட்டடப் பொறியியல் கற்றவர். பணியில் அமர்ந்து மூன்றாண்டு நிறையவில்லை. "ஐயா, எங்கள் அலுவலகத்தில் தொழில் ஒழுக்கம் என்று தலைப்பிட்டு ஒரு தாள் அச்சிட்டு, எல்லாரிடமும் கையொப்பம் பெற்றிருக்கிறார்கள். அதே அலுவலகத்தில், கான்கிரீட் கொட்டுமுன் கம்பி கட்டியதை நேரில் பார்த்துச் சரி கண்டதாக, நான் பாராத இடத்துக்கும் கையொப்பம் கேட்கிறார்கள். கொட்டிய பின் உள்ளே இருக்கும் கம்பியை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் என் மேலாளர். இதற்கு நம் சைவத்தில் ஏதேனும் சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டார். எழும்பிக் கொண்டிருப்பது பள்ளிக்கூடக் கட்டடமாம். ஊரையும் நிறுவனத்தையும் அவர் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. "நாளை வாருங்கள் தம்பி, நாயன்மார்களைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். இப்பெருங்கூட்டத்தில் அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது என் கண்ணுக்குப் புலப்படவில்லை. வந்திருப்பார் என்றே கொண்டு பேசுகிறேன்.

மாலையில் நம்மைக் கடந்து சென்றவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். தில்லையில் மண்பாண்டம் வனைந்தவர் ஒருவர். திருவொற்றியூரில் செக்காட்டியவர் ஒருவர். நாகையின் நுளைப்பாடியில் வலைவீசியவர் ஒருவர். தறியில் இருந்து ஆடை நெய்தவர் ஒருவர். மன்னரும் மறையவரும் அவ்வரிசையில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் குயவரைச் சக்கரத்தோடும், பரதவரை வலையோடும், நெசவரைத் தறியோடுமே சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டுகிறார். வீடுபேறு வேண்டித் தொழிலைத் துறந்து காடு ஏகுமாறு அவர்களுள் எவரையும் அவர் பணிக்கவில்லை. அவரும் அலுவலகம் அறியாதவர் அல்லர்! 12-ஆம் நூற்றாண்டில் அநபாயச் சோழனிடம் அமைச்சராய் இருந்தவர்; ஓலையும் கணக்கும் முத்திரையும் கையொப்பமும் அவருக்கு நாள்தோறும் பழகிய பொருள்கள். ஆகலின் தொழில் செய்வாருடைய உள்ளம் எங்கே நிமிரும், எங்கே வளையும் என்பதை அவர் அறிந்து பாடினார் என்றே அடியேன் கருதுகிறேன்.

நம் இளைஞருக்கு விடை சொல்ல ஒருவரை அழைக்க வேண்டுமாயின், யான் அழைப்பது காஞ்சி நகரத்து ஏகாலியராகிய திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை. துணி வெளுப்பது அவர் குலத்தொழில். அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுப்பது அவர் கொண்ட தொண்டு. வந்து நிற்பவருடைய உள்ளக் குறிப்பை, அவர் வாய் திறந்து சொல்லுமுன்னே அறிந்து பணி செய்தமையால் அப்பெயர் பெற்றார். அவர் புராணத்தின் பெரும்பகுதி தொண்டை நாட்டின் வளத்தையும் காஞ்சியின் பெருமையையும் அம்மையின் தவத்தையுமே பேசுகிறது. நாயனாருடைய வரலாறோ இறுதியில் சில பாடல்களுக்குள் அடங்கிவிடுகிறது. அத்துணை பெரிய கோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், ஒரு துறையும் ஒரு கல்லும் ஒரு கந்தையும்தான் இருக்கின்றன.

குளிர்காலம். இளைத்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாய் ஓர் ஏழை அடியார் வருகிறார். வந்தவர் ஏகாம்பரநாதர் என்பது நமக்குத் தெரியும், நாயனாருக்குத் தெரியாது. "திருமேனி இளைத்தது என்னையோ?" என்று வினவி, அக்கந்தையை வெளுக்கத் தருமாறு நாயனாரே கேட்கிறார். "உடுக்க எனக்கு இஃதொன்றே உள்ளது, குளிரைத் தாங்கேன், பொழுது சாயுமுன் தருவதாயின் கொண்டு செல்க" என்கிறார் அடியார். "மாலைக்குள் தருவேன்" என்று ஒப்புக்கொண்டு நாயனார் துறைக்குப் போகிறார்.

சற்று இங்கே நில்லுங்கள். இந்த வேலைக்குக் கூலி பேசப்படவில்லை. பொருளோ பட்டன்று, பீதாம்பரமன்று, கிழிந்த கந்தை. நம்மில் பலர், கூலி குறைந்த வேலைக்குக் கவனமும் குறையலாம் என்று நமக்கு நாமே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டம் காஞ்சித் துறையில் செல்லவில்லை. முதலில் அழுக்கு நீக்குகிறார், மீண்டும் துவைக்கிறார், உலர்த்தப் போகும் வேளையில் வானம் இருண்டு மழை இறங்குகிறது. சிறிது நேரத்தில் விடும் என்று நிற்கிறார். விடவில்லை. பொழுதும் சாய்ந்துவிட்டது.

இந்த இடத்தில் நாயனாரை நீதிமன்றத்தில் நிறுத்தினால் யார்தாம் அவரைக் குற்றவாளி என்பர்? மழைக்கு ஏகாலியர் பொறுப்பாவரோ? அடியாரே பார்த்துக்கொண்டிருந்த மழைதானே அது? "தெய்வச் செயல், என் செய்வேன்" என்று சொல்லிக் கை விரித்திருக்கலாம், ஒருவரும் பழித்திரார். அவர் உள்ளமோ வேறு இடத்துக்குச் செல்கிறது. "மழை வரக்கூடும் என்று முன்பே அறிந்து, வீட்டினுள்ளே காற்றுப் படும்படி உலர்த்தியிருக்கலாமே, அது எனக்குத் தோன்றாமற் போயிற்றே" என்று வருந்துகிறார். அன்பர்களே, இது தொழில் அறிந்தவனுடைய வருத்தம். ஒரு வழி அடைபட்டபோது, தான் எண்ணாமல் விட்ட மற்றொரு வழி அவனுக்கு நினைவு வருகிறது. தொழிலைக் கடமைக்குச் செய்பவனுக்கு மழைதான் நினைவில் இருக்கும்.

அடுத்து அவர் எண்ணியது என்ன? "என் பெயர் கெட்டதே, நாளை ஊரார் என்னை நம்புவாரோ" என்றா? அவ்வாறு ஒரு சொல்லும் அங்கே இல்லை. அந்த மெலிந்த திருமேனி இரவுக் குளிரில் நடுங்குமே என்ற ஒன்றே அவர் நெஞ்சில் நிற்கிறது. அந்தத் துயரம் பொறாமல் துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதத் துணிந்தார். அப்பாறையினின்றும் ஒரு திருக்கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. இதைக் கேட்டு ஒருவரும் தம்மை வருத்திக்கொள்ளத் துணிய வேண்டா. அச்செயலை இறைவனே கை நீட்டித் தடுத்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். யான் வியப்பது அக்கை எழுந்த இடத்தை. கருவறையில் எழவில்லை, வானத்திலிருந்து இறங்கவில்லை. அவர் நாள்தோறும் துணி அடித்த கல்லிலிருந்து எழுந்தது.

இக்கதையைப் பல ஊர்களில் பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். பேசும் தகுதி எனக்கு உண்டோ என்று ஐயுறும்படி ஒரு நிகழ்ச்சி என் வாழ்விலேயே உண்டு. நேற்று அந்தப் பிள்ளை தன் இடரை என்னிடம் ஒளியாமல் சொன்னார். யான் மட்டும் மேடையில் தூயவனாய் நிற்பது முறையன்று.

1985-ஆம் ஆண்டு. அப்போது யான் இளைஞன். ஆசிரியரிடம் பாடம் கேட்டு, தனியே பேசத் தொடங்கிய காலம். ஆற்றங்கரையில் சிறு கிராமம் ஒன்று. அங்குள்ள சிவன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்து, 51 ரூபாய் சன்மானம் என்று பேசிச் சென்றார். பத்து நாள் கழித்து ஒரு பெரிய நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அதே நாள், 301 ரூபாய், பெரிய பந்தல், செய்தித்தாளில் பெயர். யான் செய்ததைக் கேளுங்கள். கிராமத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன்: "கடுங்காய்ச்சல், எழ இயலவில்லை, பொறுத்தருள்க" என்று. எழுதிவிட்டு நகரத்துக்குச் சென்று பேசினேன். பேசிய பொருள், அரிச்சந்திரன் வரலாறு! சிரிக்கிறீர்கள், சிரிக்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலை வீடு திரும்பி, நகரத்தார் அணிவித்த மாலையை வாயிற்புறத்து ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். ஒரு நாழிகை ஆகியிருக்காது. அந்தக் கிராமத்துப் பெரியவர் பேருந்து இறங்கி, வெயிலில் நடந்து வருகிறார். கையில் ஒரு துணிப்பை. "தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? நிலவேம்பு கொண்டு வந்தேன், கஷாயம் வைத்துக் குடியுங்கள், சுவாமி திருநீறும் இருக்கிறது" என்றார். பேசிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில் ஆணியில் தொங்கிய மாலை பட்டது. வாடாத ரோஜா மாலை. அவர் அதைப் பார்த்ததையும் யான் பார்த்தேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திருநீற்றை எடுத்து என் நெற்றியில் இட்டார். மடியிலிருந்து 51 ரூபாயை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "உங்களுக்கென்று ஊரில் தண்டிய பணம் தம்பி, திரும்பக் கொண்டு போனால் யாரிடம் கொடுப்பது? மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துப் போய்விட்டார்.

அன்று மாலை என் ஆசிரியரிடம் சென்று நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் காய்ச்சல் இப்போது விட்டதா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆண்டு யாரும் அழையாமலே அக்கிராமத்துக்குப் போனேன். எனக்கு இடம் வைத்திருக்கவில்லை. முந்தைய ஆண்டு நான் வாராத இரவில், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பெரியபுராணத்தை எடுத்து வாசித்துப் பொருள் சொன்னாராம். அது நன்றாயிருந்ததால் ஆண்டுதோறும் அவரே சொல்லட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். மக்களோடு மக்களாய் மணலில் அமர்ந்து கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு மழைகூடப் பெய்யவில்லை, அன்பர்களே! பொய்யை யானே பெய்வித்துக்கொண்டேன்.

போகட்டும். இனிப் பழையாறை வணிகரிடம் செல்வோம். அமர்நீதி நாயனார் பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெருவணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்தவர். அங்கே ஒரு பிரமசாரி வந்து, "இக்கோவணத்தைக் காத்து வைத்திரும்" என்று ஒப்படைத்து நீராடப் போகிறார். வைத்த கோவணம் மறைந்துவிடுகிறது. நாயனார் நடுங்கி, வேறு கோவணம் தருகிறேன், பட்டும் பொன்னும் தருகிறேன் என்கிறார். வந்தவரோ, தம்மிடமுள்ள மற்றொரு கோவணத்துக்குச் சரியெடை தந்தால் போதும் என்கிறார். தராசு நாட்டப்பட்டது. ஒரு தட்டில் கோவணம். மறு தட்டில் வணிகருடைய செல்வமெல்லாம் ஏறியும் நிகராகவில்லை. இறுதியில் தாமும் மனைவியாரும் மகனாரும் தட்டில் ஏறினார். வாழ்நாளெல்லாம் பொருளை நிறுத்து விற்றவர், தம்மையே தராசில் இட்டு நிறுக்க நேர்ந்தது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளின் எடை சந்தை விலையால் அளக்கப்படுவதில்லை என்பதை வணிகர்க்கு இதைவிட விளங்கச் சொல்ல இயலுமோ?

புராணம்தானே என்பார் உண்டு. அவர்கள் தஞ்சைக்குச் சென்று கல்லைப் படிக்கட்டும். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அக்கோயிலுக்கு வந்த பொன் நகைகளை நிறுத்த எடைக்கல்லுக்குப் பெயர் ஆடவல்லான். மணிகளை நிறுத்த கல்லுக்குப் பெயர் தட்சிணமேரு விடங்கன். கூத்தப்பிரானுடைய பெயரையே படிக்கல்லுக்கு இட்டார்கள்! கல்லில் கை வைப்பவன் யாரைத் தொடுகிறோம் என்று அறிந்து தொடட்டும் என்பது போலும். நகையில் கோத்த சரடு முதலியவற்றை நீக்கி நிறுத்த எடை இவ்வளவு என்றும் பொறித்திருக்கிறார்கள். நூலின் எடையையும் பொன்னோடு சேர்த்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அக்கல்வெட்டுகளிலே கோயிற் பணியாளர் வரிசையில் தச்சரும் தையல்காரரும் நாவிதரும் இருக்கிறார்கள். இராசராசப் பெருந்தச்சன் என்று அரசன் தன் பெயரையே பட்டமாகத் தந்திருக்கிறான். ஈரங்கொல்லிகள் என்ற பெயரில் துணி வெளுப்பவர்களும் அங்கே உண்டு. நம் காஞ்சி நாயனாரின் மரபினர்!

அதற்கும் முன்னே, காஞ்சிக்கு அணித்தான உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் சபைக்கு விதிகள் வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். குடவோலை முறைக்காக அதனை எல்லாரும் போற்றுகிறோம். யான் போற்றுவது அதிலுள்ள வேறொரு விதியை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர் உறவினர் பெயரையும் இடலாகாது. உறவினர் என்ன பிழை செய்தார் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அது சற்றுக் கடுமையாகவே படுகிறது. ஆயினும் கணக்கு மறைப்பவன் தனக்கு மட்டும் இழுக்குத் தேடிக்கொள்வதில்லை என்பதை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஏனாதிநாத நாயனாரைப் பற்றியும் ஒரு சொல். அரிசிலாற்றங்கரையில் எயினனூரில் வாட்பயிற்சி கற்பித்தவர். அவரிடம் மாணாக்கர் பெருகவே, அதே தொழில் செய்த அதிசூரனுக்கு வருவாய் குறைந்தது, பொறாமை மூண்டது. நேர்ப்போரில் தோற்றவன், தனியே போரிட அழைத்து, நெற்றியில் திருநீறு பூசிக் கேடயத்தால் மறைத்து வந்தான். வெட்டப்படும் தறுவாயில் கேடயத்தை விலக்கிக் காட்டினான். நீறு கண்ட நாயனார் போரை விட்டார். வாளைக் கீழே போடவும் எண்ணினார்; போட்டால், ஆயுதமில்லாதவரைக் கொன்றான் என்ற பழி எதிரிக்கு வருமே என்று, வாளும் பலகையும் ஏந்தியபடியே நின்றார். போட்டிக்காரனின் பெயர் கெடாமற் காத்த போட்டிக்காரர்! இதனை யான் உங்களிடம் வற்புறுத்தவில்லை. சொற்பொழிவாளர்களுக்குள்ளேயே மற்றொருவர் கூட்டம் பெரிது என்று கேட்டால் முகம் சுருங்குகிறது; எனக்கும் சுருங்கியிருக்கிறது.

இனி அந்தத் தம்பிக்கு வருகிறேன். "அந்த வேலையை உதறிவிட்டு வா" என்று மேடையிலிருந்து முழங்குவது எனக்கு எளிது. மாதக் கடைசியில் வீட்டு வாடகை கட்டப்போவது யானல்லன். ஆகையால் ஏகாலியரின் வருத்தத்தையே மீண்டும் எண்ணுங்கள். முன்பே அறிந்து செய்யாமற் போனேனே என்றார் அவர். கம்பி வெளியே தெரியும் வரைதான் உங்களுக்குப் பொழுது இருக்கிறது; கான்கிரீட் மூடிய பின் பொழுது சாய்ந்துவிட்டது. ஆகவே கொட்டுவதற்கு முந்தைய நாளே மேலாளரிடம் சென்று, "இன்னின்ன தூண்களை யான் பார்க்கவில்லை, பார்க்க இரண்டு மணி நேரம் தாருங்கள்" என்று கேளுங்கள். வாய்மொழியாய்க் கேட்டது காற்றோடு போகும். பணிவாக எழுத்தில் கேளுங்கள், படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தந்தால் ஏணி வைத்து ஏறிக் கம்பியின் தடிப்பையும் இடைவெளியையும் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். தாராவிட்டால், பார்த்த இடத்துக்குப் பார்த்தேன் என்றும், பாராத இடத்துக்குப் பார்க்கவில்லை என்றும் எழுதிக் கையொப்பம் இடுங்கள். பார்க்கவில்லை என்பதும் ஒரு கையொப்பந்தான். அதற்காகச் சினந்தால், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்; கட்டடத்துக்குப் பணம் தருபவர் இருப்பார்; அவர்களுக்கும் அதே படியைக் காட்டலாம். வேலைக்கு ஊறு வரவே வராது என்று யான் உறுதி கூறமாட்டேன். அந்தக் கூரையின் கீழே அமரப்போகும் குழந்தைகளை நாயனார் அந்த மெலிந்த அடியாரை நினைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

மேளச் சத்தம் கேட்கிறது. சுவாமி கண்ணாடி மண்டபத்துக்கு எழுந்தருளிவிட்டார் போலும். அர்த்தசாம வழிபாட்டுக்கு எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். தம்பி, நீங்கள் இங்கே எங்கேனும் அமர்ந்திருந்தால், நாளைக் காலை எட்டு மணிக்கு யான் தங்கியிருக்கும் கீழைச் சந்நிதித் தெரு வீட்டுக்கு வாருங்கள். எழுத வேண்டிய கடிதத்தை இருவருமாய் உட்கார்ந்து எழுதுவோம்.